யாழ்ப்பாணத்து இரவுச் சாப்பாடாக சூப், சலட், வீட்டுப் பாண்: சில வருட அனுபவம்

கிழமையில் இரண்டு மூன்று இரவுகள் எங்கள் வீட்டில் புட்டும் இல்லை, இடியப்பமும் இல்லை. ஒரு சட்டி சூப், ஒரு கோப்பை சலட், வீட்டில் சுட்ட பாண், அவ்வளவுதான். 2022 காஸ் தட்டுப்பாட்டுக்கு முந்தியே தொடங்கிய பழக்கம், இன்றைக்கும் தொடர்கிறது. எங்களுக்கு இது நன்றாகவே ஒத்துவந்திருக்கிறது. ஆனால் குளிர்நாட்டுக்காரர் எழுதிய செய்முறை இந்த வெயிலுக்கும் இந்தக் கிணற்றுத் தண்ணீருக்கும் அப்படியே சரிவராது. இங்கே எதை எதை மாற்றவேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது பாணைப் பற்றித்தான். நான் எடுக்கிற அளவு: அரைக் கிலோ மா, 320 மில்லிலீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு, 3 கிராம் உலர் ஈஸ்ட். புத்தகங்களில் ஈஸ்ட் 7 கிராம் என்று இருக்கும். வீட்டுக்குள் 20 பாகை இருக்கிற ஊருக்கு அது சரி. பங்குனி, சித்திரையில் எங்கள் குசினி 32 பாகையைத் தாண்டி நிற்கும். அந்தச் சூட்டில் 7 கிராம் போட்டால் மா அவசரமாகப் பொங்கிவிடும். பாண் உயரமாக வரும், ருசி வராது. ருசி மெதுவாகப் புளிக்கும்போதுதான் உண்டாகிறது. அதனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தண்ணீரை விட்டுக் குழைத்து, அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டு, மூடி இரவு முழுக்கப் பெட்டிக்குள் வைக்கிறேன். அடுத்த நாள் பின்னேரம் எடுத்து உருட்டி, அச்சில் போட்டு, இரண்டு மடங்காக எழும்பியதும் 200 பாகையில் 35 நிமிடம். வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இந்த முறைதான் வசதி, மா நமக்காகக் காத்திருக்கும்.

சோளகம் வீசும் மாதங்களில் மாவின் மேல் தோல் காய்ந்துவிடும், ஈரத்துணி கட்டாயம் வேண்டும். மார்கழி வாடையில் அதே மா சோம்பிக் கிடக்கும்; அப்போது ஈஸ்டைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுகிறேன்.

வெள்ளை மாவை மட்டும் நம்பி இதைத் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் சலரோகம் உள்ளவர் இருக்கிறார். 500 கிராமில் 200 ஆட்டா மா, 75 குரக்கன் மா, மிச்சம் கோதுமை மா என்று கலக்கிறேன். குரக்கனில் பசைத்தன்மை தரும் புரதம் கிடையாது, அதனால் 100 கிராமுக்கு மேல் போனால் பாண் கட்டியாகிவிடும். ஆட்டா மா கூடினால் தண்ணீரையும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி கூட்ட வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் இருப்பதால் தண்ணீர் கடினமானது, கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். பாண் மாவுக்கு அதனால் பெரிய பாதகமில்லை. அளவான கல்சியம் மாவை இறுக்கமாக்கி உதவும். பருப்பு, கடலைக்குத்தான் கரைச்சல். கல்சியம் தோலை இறுக்கிவிடுவதால் கடலையும் கௌபியும் எவ்வளவு அவித்தாலும் நறுக்கென்றே இருக்கும். ஊறப்போடவும் அவிக்கவும் வடிகட்டிய தண்ணீரோ சேர்த்து வைத்த மழைத்தண்ணீரோ எடுத்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். தக்காளி, புளி, தேசிக்காய் எதையும் பருப்பு முழுக்க வெந்த பிறகே சேருங்கள். புளிப்பும் அதே வேலையைத்தான் செய்யும்.

சூப்பில் எங்கள் வீட்டுக்கு நிரந்தரமாகிப் போனது மைசூர்ப் பருப்புச் சூப். ஒரு சுண்டுப் பருப்புக்கு ஐந்து சுண்டு தண்ணீர், ஒரு துண்டு பூசணி, ஒரு கறட், நாலு பல்லு உள்ளி. சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, இடித்த மிளகு சீரகத்தோடு கடைசியில் கொட்டுவேன். இறக்க மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரு கைப்பிடி முருங்கையிலை. அதற்கு மேல் கொதித்தால் கசக்கும்.

மீன் சூப்பென்றால் பாசையூர்ச் சந்தையில் தலையும் முள்ளும் வாங்கி, அரை மணித்தியாலத்துக்கு மேல் கொதிக்க விடாமல் வடித்துவிடுவேன். இறால் கிடைத்தால் அதன் தலைகளை நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து அதே தண்ணீரில் போடுவேன், நிறமும் மணமும் அதிலிருந்துதான். தடிப்பாக்குவதற்குச் சோளமா வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கின் மாவை, தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளிகிற தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதைக் கரைத்து விட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கசப்பு மேல் தண்ணீரோடு போய்விடும். மாமி முதல் சில மாதம், “இது காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாப்பாடெல்லோ பிள்ளை” என்று சொல்லித் தனக்கு மட்டும் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். ஒடியல் மா போட்ட இந்தச் சூப் மேசைக்கு வந்த இரவுதான் அவரும் கோப்பையை நீட்டினார். ஒடியற்கூழ் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாக இருக்கவில்லை.

சலட்டில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. நுவரெலியாவிலிருந்து வருகிற சலாது இலை இங்கே வந்து சேரும்போதே வாடியிருக்கும். ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் நிமிரும், ஆனால் விலைக்குப் பெறுமதியில்லை. திருநெல்வேலி, மருதனார்மடம் சந்தைகளில் காலையிலேயே கிடைக்கும் வல்லாரை, கோவா, வெள்ளரிப்பிஞ்சு, பீற்றூட், தக்காளி போதும். வெள்ளரியை வெட்டி உப்புத் தூவிக் கால் மணித்தியாலம் விட்டு, விடுகிற தண்ணீரை ஊற்றிவிடுங்கள். வெங்காயத்தை மெல்லிதாக அரிந்து தேசிப்புளியில் ஊறவிட்டால் காரம் போய் இளஞ்சிவப்பாகும். இரண்டு பங்கு நல்லெண்ணெய், ஒரு பங்கு தேசிப்புளி, மிளகு, உப்பு: இதைச் சாப்பிட உட்காரும்போதுதான் கலக்க வேண்டும். மேலே வறுத்த கச்சானை ஒன்றிரண்டாக இடித்துத் தூவினால் பிள்ளைகள் கோப்பையை வழிப்பார்கள். பச்சையாகச் சாப்பிடுவதால் இலைகளை ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். வல்லாரையின் தண்டடியில் செம்மண் ஒளிந்திருக்கும்.

சாப்பிடும்போது சலட்டையும் பருப்புச் சூப்பையும் முதலில் எடுத்துவிட்டுக் கடைசியில் பாணுக்கு வருகிறோம். நார்ச்சத்தும் புரதமும் முதலில் போனால் மாச்சத்து சர்க்கரையாக ஏறுவது மெதுவாகும். ஒரு துண்டோடு வயிறும் நிறைந்துவிடுகிறது.

செலவென்று பார்த்தால், அரைக் கிலோ மாவில் வருகிற பாண் கடையில் விற்கும் 450 கிராம் பாணைப்போல ஒன்றரை மடங்கு. 1500 வாட் மேசை அடுப்பு சூடேறுகிற நேரத்தோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு அலகு மின்சாரம் எடுக்கும். ஒரு பாணுக்காக அடுப்பை மூட்டுவது நட்டம், இரண்டாகச் சுட்டால்தான் கட்டும். 2022இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் விறகடுப்பில் கனமான சட்டியை வைத்து, மூடிமேல் தணல் போட்டுச் சுட்டோம். அடி கொஞ்சம் கருகும், ஆனால் அந்த மேல்தோலின் மொறுமொறுப்பு மின்சார அடுப்பில் இன்னும் எனக்கு வரவில்லை.

மிஞ்சுகிற பாணைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், வெளியே இருப்பதைவிட அங்கே கெதியாக வறண்டுபோகும். மாரியில் வெளியே வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சணம். துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்து, வேண்டியபோது தாச்சியில் மூடிச் சூடாக்குங்கள். தேங்காய்ப்பால் சேர்த்த சூப்பை மட்டும் மிச்சம் வைக்கவே வேண்டாம். பாலில்லாத பருப்புச் சூப் பெட்டியில் இரண்டு நாள் தாங்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடுப்பு வாங்குவதற்கு முன் கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்றை வாங்குங்கள். 3 கிராம் ஈஸ்டைக் கரண்டியால் சரியாக அளப்பது கடினம்.