மைண்ட் மேப்பா, பத்திக்கு ஒரு வரியா?

யுபிஎஸ்சி குடிமைப்பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளுக்கு முன்திட்டம் போட இரண்டு வழி அதிகம் புழங்குகிறது. தலைப்பை நடுவில் எழுதி வட்டம் போட்டு, சுற்றிலும் கிளை இழுப்பது மைண்ட் மேப். ஒவ்வொரு பத்தியும் சொல்லப்போவதை ஒரே முழு வாக்கியமாக வரிசையாக எழுதிவைப்பது மற்றது. நான் இரண்டாவதற்கு மாறி அதிலேயே நின்றுவிட்டேன்.

மைண்ட் மேப் வேகமானது, கருத்துகள் கொட்டும். அதில் சந்தேகமில்லை.

சிக்கல் வரிசையில்தான். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொல், 125 மதிப்பெண். எழுதுவதோ பேனாவால். நான்காம் பத்தி இரண்டாவதாக வந்திருக்க வேண்டும் என்று பாதியில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எது முதலில், எது பிறகு என்று மைண்ட் மேப் சொல்வதில்லை.

2022-இல் பொருளாதார மேன்மைக்குக் காடுகளே சிறந்த பாடம் என்ற பொருளில் ஒரு தலைப்பு வந்தது. கிளை இழுத்தால் மறுசுழற்சி, பல்லுயிர், சிப்கோ (மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த இயக்கம்), பழங்குடிகள் என்று வரும். எல்லாம் சரி, ஆனால் வாதம் எங்கே? வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ‘காட்டில் கழிவு கிடையாது, உதிர்ந்த இலையே உரம்.’ அடுத்து, ‘பலவகை மரம் நிற்பதால் ஒரு நோயில் காடு அழிவதில்லை, பெரும்பாலும் ஒரே ரக உருளைக்கிழங்கை நம்பிய அயர்லாந்து 1845-இல் பஞ்சத்தில் விழுந்தது.’ அப்புறம், ‘ஆனால் மெலிந்த மரக்கன்றைக் காடு காப்பாற்றாது, அரசோ நலிந்தவரைக் காப்பாற்றியாக வேண்டும்.’ இந்த ‘ஆனால்’ வந்ததும் கட்டுரை திரும்பிவிட்டது, இனி அந்தப் பத்தியைத் தூக்கி முன்னால் வைக்க முடியாது. சிப்கோவுக்கு வாக்கியமே அமையவில்லையா? விட்டுவிடலாம்.

வரிகளை மேலிருந்து கீழே வாசிக்கும்போது இடையில் ‘மேலும்’ என்பதைத் தவிர வேறெதுவும் பொருந்தவில்லை என்றால், வரிசை இன்னும் அமையவில்லை.

நேரம் கூடுதலாகப் பிடிக்கும், உண்மைதான். கட்டுரைக்குப் பதினைந்து நிமிடம் போகும். எழுதும்போது நின்று யோசிப்பது குறைவதால் அதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தலைப்பே பிடிபடாவிட்டால் முதல் ஐந்து நிமிடம் கிளை இழுப்பதில் தப்பில்லை. கணினியில் எழுதும் கல்லூரிக் கட்டுரைக்கும் இதுவே சிறந்ததா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே பத்தியை நகர்த்துவது சுலபம், எனக்கு அதில் பழக்கமும் குறைவு.