ஸ்பேஸ்டீம்: தொண்டை இருந்தால் போதும்

ஸ்பேஸ்டீம் என்ற மொபைல் விளையாட்டை நான் போனில் ஏற்றியதற்கு முதல் காரணம், அதைச் செய்தவர் தனி ஆள் என்பதுதான். பகலில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதிவிட்டு, ராத்திரியில் சின்னச் சின்ன கேம் செய்து பார்க்கிறவன் நான். தனி ஆள் எதைச் செய்தார் என்பதைவிட எதையெல்லாம் செய்யாமல் விட்டார் என்று பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம். கனடாவின் மான்ட்ரியலில் பயோவேர் என்ற கேம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹென்றி ஸ்மித், அந்த வேலையை விட்டுவிட்டு 2012 டிசம்பரில் இதை ஐபோனுக்கு வெளியிட்டார். ஆண்ட்ராய்டுக்குப் பிறகு வந்தது. இன்றும் இலவசம்.

வெடிக்கும் நட்சத்திரத்திடமிருந்து ஒரு விண்கலம் தப்பி ஓடுகிறது. அதை ஓட்டுகிறவர்கள் நாம். ஒரே அறையில், ஒரே வைஃபையில், இரண்டு முதல் எட்டுப் பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவர் போனிலும் வேறு வேறு சுவிட்சுகள், திருகுகள், நெம்புகோல்கள். மேலே ஒரு கட்டளை வரும்: நியூட்டோனியன் போட்டோமிஸ்டை ஒன்றில் வை. அந்தத் திருகு பெரும்பாலும் நம் போனில் இருக்காது, வேறு யார் கையிலோ இருக்கும். அதனால் கத்த வேண்டும். நாம் கத்தும் அதே நேரத்தில் மற்றவர்களும் அவரவர் கட்டளையைக் கத்திக்கொண்டிருப்பார்கள். நேரம் முடிந்தால் தீ நெருங்கும். சில சமயம் கட்டளையும் நம்முடையது, சுவிட்சும் நம் போனிலேயே. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய் கேட்ட கதைதான்.

பொங்கல் லீவில் அண்ணன் குடும்பம் வந்திருந்தபோது ஆடினோம். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பள்ளிக்கூட மைதானத்தில் மைக் இல்லாமலே பேசிய குரல், இந்த ஆட்டத்துக்கென்றே வைத்திருந்த மாதிரி பயன்பட்டது. அண்ணிதான் உண்மையான கேப்டன். யார் கத்தினாலும் பதறாமல், "மாமா, அது உங்க கிட்டதான் இருக்கு, கீழே பாருங்க" என்பார். போகப் போக சுவிட்ச் கழன்று தொங்கும், திரையில் பச்சையாகச் சளி வழியும், அதைத் துடைக்க வேண்டும். விண்கல் வந்தால் எல்லோரும் சேர்ந்து போனைக் குலுக்க வேண்டும். புழுத்துளை (வார்ம்ஹோல் என்கிற விண்வெளிக் குறுக்குவழி) வந்தால் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஒரு கட்டத்தில் எழுத்தே போய்விடும், பெயரில்லாத குறிகள்தான். "கொம்பு முளைச்ச முறுக்கு, யார் கிட்ட இருக்கு?" என்று அண்ணன் மகள் கேட்க, அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் அமுக்கினார்.

இனி என் தொழில் கண்ணால். இதில் முப்பரிமாண உலகம் இல்லை, ஓடி ஆடும் பாத்திரங்கள் இல்லை, எதிரியின் செயற்கை அறிவு இல்லை. இருப்பது பொத்தான்களும் பெயர்களும்தான். கூட்டு விளையாட்டு செய்கிறவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு: கெட்டிக்காரர் ஒருவர் புதிரை முடித்துவிடுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இங்கே அது நடக்காது. பெரும்பாலும் தெரிந்தவரிடம் பொத்தான் இல்லை, பொத்தான் வைத்திருப்பவருக்கு விஷயம் தெரியாது. அந்த ஒரே முடிவில் பாதி வடிவமைப்பு முடிந்துவிட்டது. மீதிப் பாதியை ஆடுகிறவர்களின் வாய் செய்கிறது. என் பழைய புரோகிராம்களையெல்லாம் திறந்து பார்க்கத் தோன்றியது, அது வேறு விஷயம்.

பணம்? அடுத்த ஆட்டங்களையும் இலவசமாகவே தர ஸ்மித் 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் மக்களிடம் 80,000 கனடிய டாலர் கேட்டார், கிடைத்தது. அப்படி வந்த பிளாபிரிந்தும் கூட்டாக ஆடும் புதிர் விளையாட்டுதான்.

குறை என்றால் ஆங்கிலம். வாயில் நுழையாத போலி அறிவியல் பெயர்கள்தான் சிரிப்புக்கே மூலதனம். ஆனால் ஆங்கிலம் வேகமாக வாசிக்க வராத பிள்ளை முதல் சுற்றிலேயே முகம் வாடிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்பேஸ்டீம் இஎஸ்எல் என்று இன்னொன்று இருக்கிறது. மான்ட்ரியலின் கன்கார்டியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, ஆங்கிலம் கற்பவர்களின் உச்சரிப்புக்காகச் செய்தது. ஆட்டம் அதேதான், சொற்கள் அன்றாடம் புழங்குபவை. யோசித்தால் பொருத்தம்தான்: நாம் சொன்னது எதிராளிக்குப் புரிந்ததா என்பதை மார்க் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, கலம் வெடித்தால் தெரிந்துவிடும். ட்யூஷன் எடுப்பவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

தனியாக ஆட வழியே இல்லை. தூரத்து ஊரில் இருக்கும் நண்பரோடும் ஆட முடியாது. எனக்கு இது குறையாகப் படவில்லை, ஹாஸ்டலில் இருக்கும் தம்பிக்குப் பட்டது. இரண்டு பேர் என்றால் கொஞ்சம் சப்பென்று இருக்கும், நான்கு பேர் சரியான கூட்டம். ஐபோனும் ஆண்ட்ராய்டும் சேர்ந்தே ஆடலாம், எல்லாப் போனும் ஒரே வைஃபையில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் வேண்டாம்.