வலை (நெட்) பார்த்து ஷேப் சொல்ல: பேப்பரா, ஜியோஜீப்ராவா, பிளாஸ்டிக் டைல்ஸா?

பொண்ணு எட்டாவது. கணக்குல எல்லாம் ஓகே, ஆனா ஒரு வலையை (நெட், அதாவது பெட்டி மாதிரி உருவத்தை விரிச்சுப் போட்ட தட்டை வடிவம்) குடுத்து இதை மடிச்சா என்ன வரும்னு கேட்டா மட்டும் முழிப்பா. அதனால மூணையும் வச்சு சொல்லிக் குடுத்துப் பார்த்தாச்சு, என் ஓட்டு பேப்பருக்குத்தான்.

ஜியோஜீப்ராங்கற கணக்கு ஆப் ஃப்ரீ, போன்லயே ஓடும், ஸ்லைடரை இழுத்தா விரிஞ்சிருக்கறது அழகா மடிஞ்சு மூடிக்கும். பிளாஸ்டிக் டைல்ஸை ஒண்ணோட ஒண்ணு டக்குனு மாட்டலாம், கிழியாது, விலைதான் கையைக் கடிக்கும்.

என்னைப் பொறுத்தவரை விஷயமே தப்பான நெட்தான், அதாவது மடிச்சா உருவமா மூடாதது. பரீட்சைல "கீழ்க்கண்டவற்றில் எது கனச்சதுரம் ஆகாது"ன்னுதானே மடக்குவான். ஆறு சதுரத்தை ஓரத்தோட ஓரம் சேர்த்து 35 விதமா அடுக்கலாம், அதுல 11தான் கியூப் ஆகும், மிச்ச 24 ஏன் ஆகாதுன்னு புரியணும்ல. ஜியோஜீப்ரா நெட் போடறப்ப முழு கியூப்ல இருந்துதான் விரிக்குது, அதனால வர்றதெல்லாம் சரியான நெட்டாவே இருக்கும், தப்பைக் காட்டவே காட்டாது.

பேப்பர்ல அஞ்சு சதுரம் ஒரே வரிசைல இருக்கற மாதிரி வெட்டி மடிச்சா, அஞ்சாவது போய் முதல் சதுரத்து மேலயே உக்காரும், ஒரு பக்கம் ஓட்டையா நிக்கும். நாலு சதுரம் ஒரு புள்ளியில கூடற மாதிரி இருந்தா மடிக்கவே வராது, ஏன்னா கியூப் மூலைல மூணு முகம்தான் சேரும், இங்க 360 டிகிரியும் ரொம்பிடுச்சு. மூணும் மூணுமா படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளி இருக்கற ஒண்ணு இருக்கு பாருங்க, பார்த்தா சத்தியமா ஆகாதுன்னுதான் தோணும், மடிச்சா கும்முனு கியூப்!

தப்பான நெட் டைல்ஸ்லயும் போடலாம்தான், இல்லைங்கல. ஆனா பேப்பர்ல ஒட்டறதுக்கு காது விடணும்ல, கியூபுக்கு மடிப்பு 5, ஒட்டற ஓரம் 7, எந்த ஓரம் எதோட சேரும்னு வெட்டறதுக்கு முன்னாடியே யோசிச்சாகணும், அந்த யோசனைதான் பரீட்சைலயும் வேணும். அப்புறம் சிலிண்டர், கூம்பெல்லாம் தட்டையான டைல்ஸ்ல எங்க போறது? சிலிண்டர்னா ஒரு செவ்வகம் ரெண்டு வட்டம், ஆரம் 3.5 செமீன்னா செவ்வகத்து நீளம் 22 செமீ. ஏ4 பேப்பர் அகலம் 21தான், அதனால நீளவாக்குல போடுங்க.

பன்னிரண்டு ஐங்கோணம் வர்ற உருவத்துக்கு மட்டும் டைல்ஸ்தான் லாயக்குன்னு நினைக்கறேன், பேப்பர்ல ஐங்கோணம் வெட்டி அளவு பிசகாம ஒட்டறது பெரிய ரோதனை. அதுல நான் ரொம்ப பழகல, டைல்ஸே பக்கத்து வீட்ல இரவல் வாங்கினதுதான்.

பேப்பர்னா கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும், கெட்டியா வேணும்னா பழைய கல்யாணப் பத்திரிகை. மடிக்கற கோட்டுல மை தீர்ந்த பேனாவால ஸ்கேல் வச்சு ஒரு இழுப்பு இழுத்துட்டு மடிங்க, ஓரம் கத்தி மாதிரி வரும்.