மாற்றம் வரும்போது பக்கத்தில் யார் வேண்டும்: வேகமாகக் கற்பவரா, வெட்கப்படாமல் கேட்பவரா?

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பில் போடும் முறையே மாறிவிட்டது. அப்போது ஆயிரம் ரூபாய் வரையிலான ரெடிமேடுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. அதையும் மத்திய வரி, மாநில வரி என்று சரிபாதியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்.

எங்களில் ஒரு தம்பி புது சாஃப்ட்வேரை ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டான். அவன் இல்லையென்றால் கல்லாவில் வரிசை நகர்ந்திருக்காது. ஆனால் அவன் லீவு போட்ட நாளில் கடையே திணறியது.

இன்னொருவர் ஐம்பதைத் தாண்டிய அண்ணன். மெதுவாகத்தான் கற்றார். "தம்பி, எனக்குப் புரியலப்பா, இன்னொரு தடவை சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். அதற்காகவே காத்திருந்த மாதிரி, அதுவரை வாய் திறக்காமல் நின்ற கவுன்ட்டர் பெண்களும் பக்கத்தில் வந்து கேட்டுக்கொண்டார்கள். புரிந்ததை ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். கோபமாக வந்த வாடிக்கையாளருக்கும் அதைக் காட்டியே பொறுமையாக விளக்கினார்.

முதல் வாரத்துக்கு வேகம் வேண்டும், சரி. மாற்றம் மாதக்கணக்கில் நீளும்போது அந்த அண்ணனைப் போன்றவரைத்தான் நான் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அப்புறம் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வந்தபோது, பில் போடத் தெரிந்தவர்கள் எங்கள் கடையில் ஆறு பேர் இருந்தார்கள்.