நாகர்கோவில் ஞாயிறு திரையிடல்: அமெரிக்க அதிபர்கள் வரிசை

வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஒரு மாடி அறையில் ஞாயிறு மாலைகளில் படம் போடுகிறார்கள். கட்டணம் கிடையாது, வாசலில் உண்டியல் வைத்திருக்கிறார்கள். இந்த முறை அமெரிக்க அதிபர்கள் வரும் படங்கள். தக்கலையில் பிளஸ் டூவுக்கு வரலாறு எடுக்கிறேன், அதனால் மாணவிகள் சிலரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

படத் தேர்வு அருமை. அதிலும் ஹென்றி ஃபோண்டா நடித்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது யாருடைய யோசனையோ, அவருக்கு என் நன்றி. ஜான் ஃபோர்டின் 'யங் மிஸ்டர் லிங்கன்' (1939) படத்தில் அவர் அதிபராவதற்கு முந்தைய இளம் வக்கீல். சிறைக்கதவை உடைக்க வரும் கும்பலை வாசலில் நின்று பேசியே கலைக்கிறார். 'ஃபெயில் சேஃப்' (1964) படத்தில் அவரே அதிபர். இயந்திரக் கோளாறால் அமெரிக்க விமானங்கள் மாஸ்கோ மேல் அணுகுண்டு போடக் கிளம்பிவிட்டன. ஒரு சின்ன அறை, ஒரு தொலைபேசி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், அவ்வளவுதான். பின்னணி இசைகூட இல்லை. அவர் எடுக்கும் முடிவை இங்கே சொல்ல மாட்டேன். விளக்கு போட்ட பிறகும் என் மாணவிகள் எழுந்திருக்கவில்லை.

அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, படங்களில் அதிபர் மீதான மரியாதை போய்ச் சந்தேகம் வந்துவிடுகிறது. 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' (1976) படத்தில் நிக்சனாக யாரும் நடிக்கவே இல்லை, தொலைக்காட்சிச் செய்தியில் மட்டும் வருகிறார். 'ஏர் ஃபோர்ஸ் ஒன்' (1997) படத்தில் அதிபரே விமானத்துக்குள் சண்டை போடுகிறார். கைதட்டல் பலமாக இருந்தது, எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பதவியின் பாரம் முடிவெடுப்பதில்தான் இருக்கிறது, கைச்சண்டையில் இல்லை.

ஸ்பீல்பெர்க்கின் 'லிங்கன்' (2012) அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அடிமை முறையை ஒழித்த, அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி. அதற்கு ஒவ்வொரு ஓட்டாக எப்படிச் சேர்த்தார்கள், யாருக்கு என்ன பதவி தருவதாகப் பேசினார்கள் என்பதெல்லாம் படத்தில் இருக்கிறது. முடிந்ததும் சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும் கொடுத்தார்கள். 1969 நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராஜர் ஓட்டுக் கேட்டு வந்ததை ஒரு பெரியவர் சொல்ல ஆரம்பித்தார். மாணவிகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. திரை தாழ்வாக இருப்பதால் பின்வரிசைக்கு சப்டைட்டில் தெரியவில்லை. அதுவும் ஆங்கிலத்தில் மட்டும்தான். படத்தின் பின்னணியைத் தமிழில் ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு உதவும். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் 'நிக்சன்' படத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பலர் பஸ்ஸுக்கு ஓடினார்கள். தயவுசெய்து மாலை நான்கு மணிக்கே தொடங்குங்கள். குளச்சல், மார்த்தாண்டம் பக்கத்துப் பெண்களும் கடைசிவரை இருந்து பேசிவிட்டுப் போகலாம்.