1950களின் பூந்தொட்டிகள்: ஆர்க்கிடெக்சுரல் பாட்டரியா, கெய்னியா, வில்லி கூலா?

1950களின் நவீன பாணித் தொட்டிகளைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது ஆர்க்கிடெக்சுரல் பாட்டரி என்ற அமெரிக்க நிறுவனத்தின் பீங்கான் தொட்டிகளைத்தான். தேட வேண்டியதுதான். கலிபோர்னியாவின் பசடீனாவில் மட்பாண்டக் கலை ஆசிரியர் லகார்டோ டாக்கெட்டின் வகுப்பில் மாணவர்கள் செய்த பயிற்சி வேலைகளிலிருந்து பிறந்தவை அவை. 1950இல் மேக்ஸ், ரீட்டா லாரன்ஸ் தம்பதி அவற்றை லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நிறுவனமாக வளர்த்தார்கள். பூ வேலைப்பாடு கிடையாது, விளிம்பில் அலங்காரம் கிடையாது. உருளை, கூம்பு, கிண்ணம், அவ்வளவே. கண்ணாடிச் சுவர் வைத்த கலிபோர்னிய வீடுகளில் ஒரு ரப்பர் செடியை நிறுத்த இதைவிடப் பொருத்தமான தொட்டியை நான் பார்த்ததில்லை. ஜான் ஃபாலிஸும் ரெக்ஸ் குட்டும் வடிவமைத்தவற்றில் இருக்கும் விகித அழகு இன்றும் அசர வைக்கிறது.

ஆனால் வாங்குவது கடினம். பல தொட்டிகளின் அடியில் முத்திரையே இல்லை. வெள்ளை உருளையும் மரத் தாங்கியும் இருந்துவிட்டால் விற்பவர்கள் இந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். போதாததற்கு, மாடர்னிகா போன்ற நிறுவனங்கள் இதே பாணியில் புதிதாகவும் செய்கின்றன. தொட்டி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால், அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கெய்னியிடம் இந்தத் தலைவலி குறைவு. 1949இல் தொடங்கிய கலிபோர்னிய நிறுவனம். அடியில் பெரும்பாலும் கெய்னி என்ற பெயரும் லா வெர்ன் என்ற ஊர்ப் பெயரும் மாடல் எண்ணும் அழுத்தமாகப் பதிந்திருக்கும். சுவர் தடிமனானது. ஆரஞ்சு, மஞ்சள், ஆலிவ் என்று மெருகு நிறங்களும் உண்டு. வடிவத்தில் முன்னதன் நளினம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். தட்டிப் பாருங்கள்: நல்ல தொட்டி கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் தரும்.

மூன்றாவது, சுவிட்சர்லாந்தின் வில்லி கூல். இவரும் ஆசிரியர்தான். சூரிச்சில் தம் மாணவர்களோடு சேர்ந்து எட்டர்னிட் நிறுவனத்துக்காக 1950களின் தொடக்கத்தில் தொட்டிகளை வடிவமைத்தார். ஈரமான சிமெண்ட் தகட்டை வளைத்து உருவாக்கிய ‘யானைக் காது’ தொட்டியின் மெல்லிய வளைவைப் பார்த்தால் சிமெண்ட் என்றே தோன்றாது. வெளியில் மழையிலும் பனியிலும் தாக்குப்பிடிக்கும், பாசி படிந்தால் இன்னும் அழகு. ஆனால் பழையவற்றில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட், நம் ஊர்க் கூரை ஷீட்டில் இருக்கும் அதே சரக்கு; அதன் நார்த் தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. துளையிடக் கூடாது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, பிரஷர் வாஷரைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. ஓரம் உடைந்து நார் தெரிகிறதா, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். சின்னக் குழந்தைகள் விளையாடும் வீடென்றால் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செடி வளர்க்கத்தான் தொட்டி என்பவருக்கு என் தேர்வு கெய்னி. பீங்கான் தொட்டியின் அடியில் ஓட்டை இல்லையென்றால் துளைபோட்டு அதன் மதிப்பைக் கெடுக்க வேண்டாம். செடியை நர்சரியில் தந்த பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே இறக்கி வைத்து, தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுங்கள். அப்புறம், முத்திரையோ சரியான பூர்வீகமோ உள்ள ஆர்க்கிடெக்சுரல் பாட்டரி ஒன்று கைக்கெட்டும் விலையில் வந்தால், யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.