துபாயில் ஃப்ளாட் வாங்க கன்வேயன்சர் தேவையா? நான் வைத்தேன், சொல்கிறேன்

துபாயில் வீடு வாங்க வக்கீல் எதற்கு, ஏஜென்டே எல்லாம் பார்த்துக்கொள்வார் என்றுதான் இங்கே நம்மவர்கள் பலர் சொல்வார்கள். சட்டப்படி கட்டாயமில்லை, உண்மைதான். ஆனாலும் மரீனாவில் ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டை மறுவிற்பனையில் வாங்கியபோது நான் ஒரு கன்வேயன்சரை, அதாவது சொத்து கைமாறும்போது பத்திரத்தையும் பணம் போகும் வழியையும் நம் சார்பில் பார்த்துக்கொள்பவரை, வைத்துக்கொண்டேன். 7,500 திர்ஹாம் வாங்கினார்கள், கொடுத்த காசுக்கு முழுசாக வேலை நடந்தது. இந்த வேலையைச் செய்யும் அலுவலகங்கள் இங்கே நிறைய உண்டு, அதனால் பெயரை விட்டுவிட்டு என்ன செய்துகொடுத்தார்கள் என்பதை எழுதுகிறேன்.

ஊரில் மனை வாங்கிய பழக்கத்தில் தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா என்று தேடுவோம். இங்கே அந்த அலைச்சல் குறைவு. துபாய் நிலத்துறையின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். வெளிநாட்டவர் குறிப்பிட்ட பகுதிகளில் ஃப்ரீஹோல்டாக, அதாவது முழு உரிமையோடு, வாங்கலாம் என்பதும் 2006-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டத்தில் வந்ததுதான். துபாய் ரெஸ்ட் ஆப்பைத் திறந்தால் டைட்டில் டீட் அசலா, ஏஜென்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று நாமே பார்த்துவிடலாம். நல்ல ஆப், வாங்க நினைக்கும் எல்லோரும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பணம் எந்த வரிசையில் யார் கைக்குப் போக வேண்டும் என்பதை எந்த ஆப்பும் பார்த்துக்கொள்ளாது, கன்வேயன்சர் தேவைப்படும் இடம் அதுதான்.

விற்றவருக்கு அந்த ஃப்ளாட் மேல் பேங்க் கடன் இருந்தது, நான் கடன் இல்லாமல் சேமிப்பில் வாங்குகிறேன். அப்படியென்றால் ஃப்ளாட் என் பெயருக்கு வருவதற்கு முன்னாலேயே அவருடைய கடனை என் பணத்தில் அடைக்க வேண்டும், அடைத்தால்தான் பேங்க் அடமானத்தை விடுவிக்கும், அப்புறம் கட்டிய டெவலப்பரிடம் ஆட்சேபணை இல்லை என்ற என்ஓசி கடிதம், அதற்கும் பிறகுதான் பெயர் மாற்றம். நடுவில் இருக்கும் நாட்களில் என் பணம் போயிருக்கும், வீடு அவர் பெயரிலேயே இருக்கும். ஏஜென்ட் சர்வ சாதாரணமாக, பணத்தை விற்பவர் கணக்கில் போட்டுவிடுங்கள், அவரே பேங்கில் கட்டிவிடுவார் என்றார். கன்வேயன்சர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். பேங்கிடமிருந்து பாக்கித் தொகைக்கான கடிதத்தை வாங்கவைத்து, செக்கைப் பேங்க் பெயரிலேயே எடுக்கச் சொல்லி, நிலத்துறைக்காகப் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்யும் ட்ரஸ்டி ஆபீஸில் எல்லோரையும் உட்காரவைத்து, வேறு யாருக்கும் விற்க முடியாதபடி ஃப்ளாட்டை என் பேரில் பிளாக் செய்த பிறகுதான் செக்கைக் கைமாற்றினார். இந்த ஒரு வேலைக்கே 7,500 தகும் என்பேன்.

அடுத்தது வாடகைக்காரர். இரண்டு மாதத்தில் போய்விடுவார், வாட்ஸ்அப்பில் சொல்லியாயிற்று என்றார்கள். அது செல்லாது. 2007-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் வாடகைச் சட்டமும் அதற்கு அடுத்த ஆண்டு வந்த திருத்தமும் தெளிவாக இருக்கின்றன: விற்பதற்காகவோ சொந்தக் குடியிருப்புக்காகவோ காலி செய்யச் சொன்னால் 12 மாத நோட்டீஸ், அதுவும் நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ. உரிமையாளர் மாறினாலும் வாடகை ஒப்பந்தம் அப்படியே தொடரும். அதனால் காலி செய்துகொடுத்தால்தான் பெயர் மாற்றம் என்பதை, வாங்குபவரும் விற்பவரும் கையெழுத்திடும் ஃபார்ம் எஃப் விற்பனை ஒப்பந்தத்திலேயே கன்வேயன்சர் நிபந்தனையாக எழுதவைத்தார். விற்பவர் வாடகைக்காரரிடம் பேசி ஒரு தொகை கொடுத்துக் காலி செய்யவைத்தார், அது அவர்கள் இருவருக்குள். ஃபார்ம் எஃப்பில் கையெழுத்துப் போடும்போது 10 சதவீத டெபாசிட் செக் கொடுத்துவிடுவோம், பின்வாங்கினால் அது போய்விடும், எனவே நிபந்தனை எதுவானாலும் கையெழுத்துக்கு முன்பே எழுதியாக வேண்டும்.

செலவுக் கணக்கையும் முதல் நாளே எழுதிக் கொடுத்தார்கள். பதிவுக் கட்டணம் 4 சதவீதம். விதிப்படி இரண்டு பேரும் பாதிப் பாதி, நடைமுறையில் வாங்குபவர் தலையில்தான் முழுவதும். ட்ரஸ்டி ஆபீஸுக்கு வாட் வரியோடு 4,200, டைட்டில் டீடுக்கு 580, ஏஜென்டுக்கு 2 சதவீதமும் அதன் மேல் வாட்டும். பத்து லட்சம் திர்ஹாம் வீடு என்றால் இவை மட்டும் சுமார் 66,000 வரும், என்ஓசி கட்டணம் தனி.

குறை என்றால், உயில் பற்றி நான் கேட்ட பிறகுதான் பேசினார்கள். குடும்பத்தோடு இங்கே இருப்பவர்களுக்கு அது முக்கியம். முஸ்லிம் அல்லாதவர்கள் டிஐஎஃப்சி எனும் துபாய் சர்வதேச நிதி மையத்தின் உயில் மையத்தில் பதிந்துகொள்ளலாம், கட்டணம் தனி. இந்தியா பக்கத்து விஷயங்களுக்கும் இவர்களிடம் பதில் கிடையாது. ஊரில் வசித்துக்கொண்டே இங்கே வாங்குகிறவர்களுக்கு ஒரு நிதியாண்டில் ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரம்பு உண்டு, வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டவும் வேண்டும். அதற்கு ஊரில் நல்ல ஆடிட்டரைப் பிடியுங்கள்.

கட்டி முடிக்காத ப்ராஜெக்டில் வாங்குகிறவர்களுக்கு முழுச் சேவையும் தேவைப்படாது. பணம் அந்த ப்ராஜெக்டுக்கென்றே தனியாக வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்குக்குத்தான் போகிறதா, நம் பெயரில் ஊகூத் (கட்டி முடிக்காத வீட்டுக்கான நிலத்துறைப் பதிவு) ஆகிவிட்டதா, தவணை தவறினால் டெவலப்பர் எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம், இந்த மூன்றையும் பார்க்க ஒப்பந்தத்தை ஒரு தடவை படித்துச் சொல்லும் சேவை போதும், கட்டணமும் குறைவு. கடனுள்ள வீடு, ஆள் குடியிருக்கும் வீடு என்றால் மட்டும் யோசிக்காமல் முழுச் சேவைக்கே போங்கள்.